பெங்களூரில் முதல் வேலை: லிங்க்ட்இன், வாட்ஸ்அப், டெலிகிராம் வழியாகத் தேடுவது எப்படி?

லிங்க்ட்இனில் 'ஈஸி அப்ளை' பொத்தானை இரவு பகலாக அழுத்திக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், ஒரு நாள் அதை நிறுத்திவிட்டு இதைப் படியுங்கள். படிப்பு முடிந்த கையோடு பெங்களூருக்கு வரும் நம் ஊர்ப் பிள்ளைகள் பிடிஎம் லேஅவுட்டிலோ மாரத்தஹள்ளியிலோ ஒரு பிஜியில் (பேயிங் கெஸ்ட் விடுதியில்) மூன்று பேர் ஷேரிங்கில் இடம் பிடித்து, நாள் முழுக்கப் போனிலேயே விண்ணப்பம் போட்டுத் தள்ளுகிறார்கள். ஒன்றுக்கும் பதில் வராமல் இரண்டாம் மாதமே மனசு விட்டுப்போகிறது, வீட்டிலிருந்து போன் வந்தால் எடுக்கவே தயங்குகிறார்கள். திறமைக் குறைவால் இப்படி ஆவதில்லை. ஃப்ரெஷர் வேலை ஒன்று வெளியானால் சில மணி நேரத்திலேயே நூற்றுக்கணக்கில் விண்ணப்பங்கள் குவிகின்றன. ஹெச்ஆர் எல்லாவற்றையும் திறந்து பார்ப்பது நடக்காத காரியம். அங்கேயே வேலை செய்கிற ஒருவர் "இந்தப் பையனைக் கொஞ்சம் பாருங்க" என்று அனுப்பிய ரெஸ்யூமுக்கு அந்தக் குவியலில் முன்னுரிமை உண்டு. அப்படிச் சொல்லக்கூடிய அந்த ஒருவரைத் தேடிக் கண்டுபிடிக்க சோஷியல் மீடியாவைப் பயன்படுத்துங்கள். கீழே சொல்லியிருக்கும் எல்லாமே அதற்காகத்தான்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் பாதிக்கு மேல் ஊரில் இருந்துகொண்டே செய்யலாம். பல கம்பெனிகளில் முதல் ரவுண்டு ஆன்லைனில்தான் நடக்கிறது. ப்ரொஃபைல் எழுதுவதற்காக இங்கே வந்து பிஜி வாடகை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டாம்.

தேடும் வேலைக்கு ஒரு பெயர் வேண்டும்

"எந்த வேலையா இருந்தாலும் ஓகே சார்" என்று எழுதினால், உதவி செய்ய நினைக்கிறவருக்குக் கூட எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாது. உங்கள் மெசேஜைப் பார்த்ததும் அவர் மனதில் ஒரு டீமோ ஒரு மேனேஜரோ ஞாபகத்துக்கு வர வேண்டும். அதற்கு வேலையின் பெயர் தெளிவாக இருக்க வேண்டும்.

நௌக்ரி வேலைத் தளத்திலும் லிங்க்ட்இனிலும் பெங்களூர், 0-1 வருட அனுபவம் என்று வைத்துத் தேடி, உங்களுக்குப் பொருந்துகிற பத்து விளம்பரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பத் திரும்ப வரும் வார்த்தைகளை ஒரு நோட்டில் எழுதுங்கள். டெஸ்டிங் என்றால் மேனுவல் டெஸ்டிங், டெஸ்ட் கேஸ், ஜிரா, எஸ்க்யூஎல், செலினியம் என்று வரும். பி.காம் படித்தவர்களுக்கு டேலி, எக்செல், ஜிஎஸ்டி, டிடிஎஸ், அக்கவுண்ட்ஸ் பேயபிள். டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்தவர்கள் பீன்யா, பொம்மசந்திரா, ஜிகனி தொழிற்பேட்டைகள் பக்கம் பார்த்தால் சிஎன்சி, ஆட்டோகேட், குவாலிட்டி இன்ஸ்பெக்ஷன் என்று கிடைக்கும். பெங்களூர் என்றாலே ஐடி மட்டும்தான் என்று நினைத்து, மெக்கானிக்கல் படித்தவர்கள் எல்லாம் மூன்று மாத கோர்ஸில் சேர்ந்து பைதான் எழுதப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆசையிருந்து போனால் சரி, வேறு வழியில்லை என்று நினைத்துப் போகாதீர்கள். எலக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டினால் ஓசூர் வரைக்கும் தொழிற்சாலைகள்தான்.

அந்த வார்த்தைகளில் உங்களுக்கு உண்மையாகவே தெரிந்தவை எவை, ஒரு மாதத்தில் கற்றுக்கொள்ளக்கூடியவை எவை என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு வேலையை முதன்மையாக வையுங்கள், பக்கத்தில் ஒன்றை வைத்துக்கொள்ளலாம், மூன்றாவது வேண்டாம்.

தமிழ் தெரிவதே இங்கே ஒரு தகுதி என்பதையும் மறந்துவிடாதீர்கள். இணைய வியாபாரம், வங்கி, உணவு டெலிவரி என்று பல கம்பெனிகளின் கஸ்டமர் சப்போர்ட்டுக்குத் தமிழ் பேசுகிறவர்களை பெங்களூரில் எடுக்கிறார்கள். 'தமிழ் வாய்ஸ் ப்ராசஸ்', 'ரீஜனல் லாங்குவேஜ் சப்போர்ட்' என்று தேடிப் பாருங்கள். கைச்செலவுக்கு வழி வேண்டும் என்கிற நிலையில் இது நல்ல தொடக்கம்தான். நைட் ஷிப்ட் உண்டா, போக வர கம்பெனி கார் உண்டா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கோடிங் வேலைதான் குறிக்கோள் என்றால் மட்டும், ஷிப்ட் முடிந்து படிக்கத் தெம்பு இருக்குமா என்று யோசித்துவிட்டுச் சேருங்கள்.

ப்ரொஃபைல்

லிங்க்ட்இனில் உங்கள் பெயருக்குக் கீழே வரும் ஹெட்லைனில் 220 எழுத்துகள் வரை எழுதலாம். நம்மவர்களில் பெரும்பாலோர் அங்கே 'ஸ்டூடன்ட் அட்' என்று கல்லூரிப் பெயரை விட்டுவைத்திருப்பார்கள், இல்லாவிட்டால் 'ஆஸ்பைரிங் என்ஜினியர், ஹார்ட் வொர்க்கர், க்விக் லேர்னர்' என்று எழுதியிருப்பார்கள். ரெக்ரூட்டர் யாரும் 'ஹார்ட் வொர்க்கர்' என்று தேடுவதில்லை. அவர்கள் 'டேலி', 'ஜிஎஸ்டி', 'பெங்களூர்' என்றுதான் தேடுகிறார்கள். அதனால் இப்படி இருக்கட்டும்: "பி.காம் 2025 | டேலி பிரைம், எக்செல், ஜிஎஸ்டி ரிட்டர்ன் | பெங்களூரில் அக்கவுண்ட்ஸ் வேலை தேடுகிறேன் | உடனே சேரலாம்". ஆங்கிலத்தில் எழுதுங்கள், உள்ளடக்கம் இதுதான்.

அடுத்தது இடம். நீங்கள் இன்னும் தர்மபுரியிலோ விருதுநகரிலோ இருக்கலாம், ஆனால் வரத் தயார் என்றால் ப்ரொஃபைலில் ஊரை பெங்களூர் என்று மாற்றிவிடுங்கள். ரெக்ரூட்டர்கள் ஊரை வைத்து வடிகட்டித்தான் பார்க்கிறார்கள், அந்த வடிகட்டலிலேயே வெளியே போய்விட்டால் மற்றதெல்லாம் எவ்வளவு நன்றாக இருந்தும் உங்களை யாரும் பார்க்கப் போவதில்லை. இப்போது எங்கே இருக்கிறீர்கள், எத்தனை நாளில் வர முடியும் என்பதை 'அபவுட்' பகுதியில் நேர்மையாக ஒரு வரி எழுதிவிட்டால் போதும்.

'ஓப்பன் டு வொர்க்' என்பதில் இரண்டு வகை உண்டு. ரெக்ரூட்டர்களுக்கு மட்டும் தெரிவது ஒன்று, புகைப்படத்தைச் சுற்றிப் பச்சை வளையத்தோடு எல்லோருக்கும் தெரிவது இன்னொன்று. வேலையில் இருந்துகொண்டு வேறு வேலை தேடுபவர்களுக்குத்தான் முதல் வகை தேவை. முதல் வேலை தேடுகிறவர் எல்லோருக்கும் தெரியும்படி வைத்துக்கொள்ளலாம், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

புகைப்படத்துக்கு ஸ்டூடியோ போக வேண்டாம். பகல் வெளிச்சத்தில், வெறும் சுவருக்கு முன்னால், முகம் தெளிவாகத் தெரிய நண்பரை எடுக்கச் சொல்லுங்கள். கல்யாண போட்டோவில் இருந்து வெட்டி எடுத்தது வேண்டாம். படிப்பு முடித்த வருடத்தைக் கட்டாயம் போடுங்கள், ஏனென்றால் '2025 பேட்ச் மட்டும்' என்றெல்லாம் கம்பெனிகள் கேட்கின்றன. அரியர் இருந்தால் ப்ரொஃபைலில் எழுத வேண்டிய அவசியம் இல்லை, கேட்டால் மறைக்காதீர்கள்.

வேலை தெரியும் என்பதைக் காட்டுவது

இதில்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். ஆனால் பெரும்பாலானவர்கள் இதைச் செய்வதே இல்லை. ஃப்ரெஷருக்கு அனுபவம் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும், கோர்ஸ் சர்டிபிகேட் எல்லோரிடமும் இருக்கிறது. அந்த வேலையைச் சின்ன அளவிலாவது செய்து பார்த்திருக்கிறீர்கள் என்று காட்டினால் நீங்கள் தனியாகத் தெரிவீர்கள்.

டெஸ்டிங் வேலை தேடுகிறவர் என்று வைத்துக்கொள்வோம். பெங்களூரின் 'நம்ம மெட்ரோ' ரயில் டிக்கெட்டை வாட்ஸ்அப்பிலேயே எடுக்கலாம், 2022 நவம்பரில் இருந்து இந்த வசதி இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். ஏறும் ஸ்டேஷனையும் இறங்கும் ஸ்டேஷனையும் ஒன்றாகவே கொடுத்தால் என்ன ஆக வேண்டும்? பணம் கட்டும் நேரத்தில் நெட் போய்விட்டால் டிக்கெட் வருமா, பணம் திரும்புமா? க்யூஆர் கோடை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து இரண்டு பேர் ஒரே நேரத்தில் காட்டினால்? பேசிக்கொண்டே வந்து நடுவில் அரை மணி நேரம் விட்டுவிட்டு மறுபடி தொடர்ந்தால்? இப்படி ஒவ்வொன்றுக்கும் என்ன செய்ய வேண்டும், என்ன நடக்க வேண்டும், உண்மையில் என்ன நடந்தது என்று கூகுள் ஷீட்டில் டெஸ்ட் கேஸாக எழுதுங்கள். முயற்சி செய்ய முடியாதவற்றை 'செய்து பார்க்கவில்லை' என்றே குறியுங்கள். பிறகு லிங்க்ட்இனில் பத்து வரியில் ஒரு போஸ்ட்: எதைச் சோதித்தேன், யோசிக்கும்போது எது சிரமமாக இருந்தது, ஷீட் லிங்க் இது. பெங்களூரில் தினமும் மெட்ரோவில் போகிற ஒரு க்யூஏ லீட் (டெஸ்டிங் டீமின் தலைவர்) இதைப் பார்த்தால் கட்டாயம் நின்று படிப்பார், ஏனென்றால் அவரும் அதே டிக்கெட்டைத்தான் எடுக்கிறார்.

பி.காம்காரர்களுக்கும் வழி இருக்கிறது. தெரிந்தவர் கடையின் ஒரு மாத பர்சேஸ் பில்களை அனுமதி கேட்டு வாங்கி, ஜிஎஸ்டி போர்ட்டலில் வரும் ஜிஎஸ்டிஆர்-2பி-யோடு (சப்ளையர்கள் தாக்கல் செய்த பில்களின் பட்டியல்) ஒப்பிட்டுப் பாருங்கள். எந்த பில் போர்ட்டலில் வரவில்லை, எதில் ஜிஎஸ்டி எண் தப்பு, எதில் தொகை மாறுகிறது, ஒவ்வொன்றுக்கும் சப்ளையரிடம் என்ன கேட்க வேண்டும் என்று எழுதிப் பழகுங்கள். கடைப் பெயர், ஜிஎஸ்டி எண், தொகைகள் எதையும் வெளியில் போடக்கூடாது. எப்படிச் சரிபார்த்தீர்கள் என்கிற முறையை மட்டும் போடுங்கள். இன்டர்வியூவில் "2பி ரீகன்சிலியேஷன் செய்திருக்கீங்களா?" என்று கேட்டால் சொல்வதற்கு உங்களிடம் ஒரு நிஜமான பதில் இருக்கும்.

டிசைனர்கள் பெஹான்ஸிலோ இன்ஸ்டாகிராமிலோ போடலாம், கோடிங் என்றால் கிட்ஹப். வாரத்துக்கு ஒரு போஸ்ட் போதும். லைக் வரவில்லை என்று கவலைப்படாதீர்கள், பின்னால் யாராவது உங்கள் ப்ரொஃபைலைத் திறக்கும்போது அங்கே அது இருந்தால் சரி. சாட்ஜிபிடியிடம் எழுதி வாங்கி அப்படியே ஒட்டுவதை மட்டும் செய்யாதீர்கள். ஆங்கிலம் கொஞ்சம் தடுமாறினாலும் நீங்களே எழுதியது இன்டர்வியூவில் உங்களைக் காப்பாற்றும், ஏனென்றால் அதில் இருந்து கேள்வி கேட்டால் உங்களுக்குப் பதில் தெரியும்.

ஆளைத் தேடுவது, எழுதுவது, ரெஃபரல் கேட்பது

லிங்க்ட்இனில் உங்கள் கல்லூரியின் பெயரைத் தேடி அதன் பக்கத்துக்குப் போங்கள். அங்கே 'அலும்னி' என்று ஒரு பகுதி இருக்கும். அதில் எங்கே வசிக்கிறார்கள், எந்தக் கம்பெனியில் இருக்கிறார்கள், என்ன வேலை செய்கிறார்கள் என்று வடிகட்டலாம். பெங்களூர் என்று வைத்துப் பாருங்கள். சின்ன ஊர்க் கல்லூரியாக இருந்தாலும் இங்கே ஆள் இருப்பார்கள், எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பார்த்தாலே கொஞ்சம் தைரியம் வரும்.

யாரைத் தேர்ந்தெடுப்பது? வைஸ் பிரசிடென்ட், டைரக்டர் என்று பெரிய பதவியில் இருப்பவர்களை விட்டுவிடுங்கள். உங்களுக்கு ஒன்றிலிருந்து மூன்று வருடம் முன்னால் முடித்த சீனியர்தான் சரியான ஆள். வேலை தேடிய கஷ்டம் அவருக்கு இன்னும் மறந்திருக்காது, எந்த டீமில் ஃப்ரெஷர் எடுக்கிறார்கள் என்பதும் தெரிந்திருக்கும், மெசேஜும் அவருக்கு அவ்வளவாக வந்து குவியாது.

இலவசக் கணக்கில் கனெக்ஷன் கேட்கும்போது எழுதும் குறிப்புக்கு 200 எழுத்துதான் இடம், அதுவும் மாதத்துக்கு ஒரு சிலருக்குத்தான் எழுத முடியும். அதனால் யாருக்கு என்று யோசித்துச் செலவழியுங்கள். நம் கல்லூரி அக்காவுக்குத் தமிழிலேயே எழுதலாம்:

"வணக்கம் அக்கா. நம்ம காலேஜ், 2025 ஈசிஇ. டெஸ்டிங் வேலைக்குத் தயாராகிறேன். உங்க டீமில் ஃப்ரெஷரிடம் முதலில் என்ன எதிர்பார்ப்பாங்க? ஒரு வரி சொன்னால் உதவியா இருக்கும்."

இதில் வேலை கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒரு நிமிடத்தில் பதில் சொல்லக்கூடிய கேள்வி ஒன்றைக் கேட்கிறீர்கள், அதனால் பதில் வருவதற்கு வாய்ப்பு அதிகம். அவர் ஏதாவது சொன்னால் அதைச் செய்து பார்த்துவிட்டு, "நீங்க சொன்ன மாதிரி எஸ்க்யூஎல் ஜாயின் வரைக்கும் முடித்துவிட்டேன் அக்கா" என்று அடுத்த வாரம் எழுதுங்கள். அப்போதுதான் அவருக்கு உங்கள் பெயர் ஞாபகத்தில் நிற்கும்.

ஒரே கல்லூரி இல்லாதவர்களுக்கு, தமிழராக இருந்தாலும், அண்ணா அக்கா என்று ஆரம்பிக்க வேண்டாம். பெங்களூர் ஆபீஸ்களில் மேனேஜரைக் கூடப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். 'ஹாய்' போட்டுப் பெயரை எழுதினால் மரியாதைக் குறைவு கிடையாது. பள்ளிக்கூட லீவ் லெட்டர் பாணியில் 'ரெஸ்பெக்டட் சார்/மேடம்' என்று போட்டால், நூறு பேருக்கு ஒரே மெசேஜை அனுப்புகிறீர்கள் என்றுதான் தோன்றும். வெறும் 'ஹாய்' மட்டும் அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பதும் வேண்டாம், விஷயத்தை அதே மெசேஜில் எழுதுங்கள்.

இப்போது ரெஃபரல். இது உள்ளே எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் கேட்பதற்குக் கூச்சம் குறையும். கம்பெனியில் வேலை செய்கிறவர் உள் போர்ட்டலில் போய், குறிப்பிட்ட ஜாப் ஐடிக்கு எதிராக உங்கள் பெயர், மெயில், ரெஸ்யூமைச் சேர்ப்பார். தேர்வானால் அவருக்கே பல இடங்களில் ரெஃபரல் போனஸ் கிடைக்கும். அதனால் நீங்கள் பிச்சை கேட்பது மாதிரி நினைக்க வேண்டாம். ஆனால் ஜாப் ஐடி இல்லாமல் "ஏதாவது இருந்தா ரெஃபர் பண்ணுங்க" என்றால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. அந்தத் தேடும் வேலையையும் அவர் தலையில் வைக்கிறீர்கள், அவருக்கு அதற்கு நேரம் இருக்காது.

இன்னொரு முக்கியமான விஷயம், வெளியில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் தெரிவதில்லை. நீங்களே கரியர்ஸ் பக்கத்தில் ஏற்கெனவே விண்ணப்பித்துவிட்டால் பல கம்பெனிகளில் அதன் பிறகு ரெஃபரல் செல்லாது, உங்கள் மெயில் ஐடி ஏற்கெனவே இருக்கிறது என்று சிஸ்டம் ஏற்க மறுத்துவிடும். அதனால் முதலில் கேளுங்கள், இரண்டு மூன்று நாள் பாருங்கள், பதில் இல்லை என்றால் நேரடியாகப் போடுங்கள். கேட்கும் மெசேஜ் இப்படி இருக்கலாம்:

"அக்கா, உங்க கம்பெனி கரியர்ஸ் பக்கத்தில் அசோசியேட் க்யூஏ வேலை வந்திருக்கு, ஜாப் ஐடி கீழே இருக்கு. 2025 பேட்ச், 60 சதவீதம் கேட்டிருக்காங்க, எனக்குப் பொருந்துது, அரியர் இல்லை. நான் இன்னும் அப்ளை பண்ணலை. ரெஃபர் பண்ண முடியுமா? ரெஸ்யூமும் மெட்ரோ டிக்கெட் டெஸ்ட் கேஸ் ஷீட்டும் இணைச்சிருக்கேன். முடியலைன்னாலும் பரவாயில்லை."

ரெஸ்யூமை பிடிஎஃப்பாக அனுப்புங்கள். ஃபைல் பெயரில் உங்கள் பெயரும் வேலையும் இருக்கட்டும், 'நியூ ரெஸ்யூம் ஃபைனல் 3' என்று வந்தால் டவுன்லோட் ஃபோல்டரில் தேடிக் கண்டுபிடிக்கவே முடியாது. பதில் இல்லை என்றால் ஒரு வாரம் கழித்து ஒரே ஒரு தடவை ஞாபகப்படுத்துங்கள். அதற்கும் இல்லை என்றால் அடுத்த ஆளைப் பாருங்கள், கோபப்பட வேண்டாம், அவருக்கு சாஃப்ட்வேர் ரிலீஸ் வேலை அதிகமாக இருக்கும் வாரமாக இருக்கலாம்.

யாருக்கு எப்போது எழுதினோம், என்ன ஜாப் ஐடி, என்ன பதில் வந்தது என்று ஒரு ஷீட்டில் குறித்துக்கொண்டே வாருங்கள். ஒரு மாதம் கழித்து ஹெச்ஆர் போன் செய்து "நீங்க அப்ளை பண்ணியிருந்தீங்களே" என்னும்போது "எந்தக் கம்பெனி?" என்று திருப்பிக் கேட்க வேண்டி வராது.

போஸ்ட் தேடல், குரூப்புகள்

லிங்க்ட்இனின் ஜாப்ஸ் பகுதிக்கு வராமல் போஸ்டாக மட்டும் வெளியாகிற வேலைகள் நிறைய. ஒரு டீம் லீட் "என் டீமுக்கு இரண்டு ஃப்ரெஷர் வேண்டும்" என்று அவரே எழுதுவார். தேடல் பெட்டியில் 'ஹயரிங் ஃப்ரெஷர் பெங்களூர்' என்பதோடு உங்கள் வேலையின் பெயரையும் ஆங்கிலத்தில் அடித்து, 'போஸ்ட்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்து, கடந்த 24 மணி நேரம் என்று வடிகட்டுங்கள். ஊர்ப் பெயரை 'பெங்களூர்', 'பெங்களூரு' என்று இரண்டு எழுத்துக்கூட்டலிலும் தேடுங்கள். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை பார்த்தால் போதும்.

அப்படிப்பட்ட போஸ்டுக்குக் கீழே 'இன்ட்ரஸ்டட் சார்' என்று கமெண்ட் போட்டு, அதோடு போன் நம்பரையும் மெயிலையும் எழுதிவிட்டுப் போகிறவர்கள் ஏராளம். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். அந்த நம்பர்களை எடுத்துத்தான் மோசடிக்காரர்கள் போன் செய்கிறார்கள், பெண்களுக்கு இதனால் வரும் தொல்லை இன்னும் மோசம். போஸ்டில் மெயில் ஐடி கொடுத்திருந்தால் மெயில் அனுப்புங்கள், இல்லாவிட்டால் எழுதியவருக்கு நேரடியாக மெசேஜ் அனுப்புங்கள். வேலை தேடுவதற்கென்றே தனி மெயில் ஐடி ஒன்று வைத்துக்கொள்வதும் நல்லது.

டெலிகிராம் சேனல்களையும் வாட்ஸ்அப் குரூப்புகளையும் தகவல் பலகையாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே லிங்க் பத்து இடத்தில் சுற்றி வரும், பாதி முடிந்துபோன வேலையாக இருக்கும். லிங்க்கை அழுத்துவதற்குப் பதிலாக, கம்பெனியின் சொந்த இணையதளத்துக்கு நீங்களே போய் கரியர்ஸ் பக்கத்தில் அந்த வேலை இருக்கிறதா என்று பாருங்கள். "'ஜாப்'னு கமெண்ட் பண்ணுங்க, லிங்க் அனுப்புறேன்" என்று ரீல்ஸ் போடுகிறவர்களுக்கும் இதே விதிதான். உங்கள் கல்லூரியின் பெங்களூர் அலும்னி குரூப், உங்கள் ஊர்க்காரர்களின் வாட்ஸ்அப் குரூப் இரண்டும் இவற்றைவிட எவ்வளவோ மேல், ஏனென்றால் போடுகிறவர் யார் என்று தெரியும். அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் இருக்கும் பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் மாதிரி இடங்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்வந்தால், போனில் கிடைக்காத அறிமுகங்கள் கிடைக்கலாம்.

நௌக்ரியில் ப்ரொஃபைலை அடிக்கடி கொஞ்சமாவது திருத்திக்கொண்டிருங்கள், கடைசியாக எப்போது பயன்படுத்தினீர்கள் என்று வைத்தும் ரெக்ரூட்டர்கள் வடிகட்டுகிறார்கள்.

மோசடி: இதை மட்டும் வேகமாகப் படிக்காதீர்கள்

வேலை தேடுகிறவரின் அவசரத்தை வைத்துச் சம்பாதிக்கிற கூட்டம் பெரியது. இதில் முதல் விதி ஒன்றுதான்: வேலை கொடுக்கிறவர் உங்களிடம் பணம் கேட்க மாட்டார். ரெஜிஸ்ட்ரேஷன், லேப்டாப் டெபாசிட், டிரெய்னிங் ஃபீஸ், டாக்குமெண்ட் வெரிஃபிகேஷன், என்ன பெயரில் கேட்டாலும் அதோடு பேச்சை நிறுத்துங்கள். டிசிஎஸ், இன்ஃபோசிஸ் போன்ற பெரிய கம்பெனிகள் ஆள் எடுக்கப் பணம் வாங்குவதில்லை என்று தங்கள் கரியர்ஸ் பக்கங்களிலேயே எச்சரித்திருக்கின்றன. ஆஃபர் லெட்டர் ஜிமெயிலில் இருந்து வந்தால் அது ஆஃபர் லெட்டரே இல்லை. கம்பெனிப் பெயரில் ஒரு எழுத்தை மட்டும் மாற்றி மெயில் முகவரி வைத்திருப்பார்கள், '@' குறிக்குப் பின்னால் இருப்பதை எழுத்து எழுத்தாகப் படியுங்கள்.

வீட்டிலிருந்தே வேலை, யூடியூப் வீடியோவுக்கு லைக் போட்டால் காசு, ஹோட்டலுக்கு ரிவ்யூ எழுதினால் காசு என்று டெலிகிராமில் கூப்பிடுவார்கள். ஆரம்பத்தில் நூறு, இருநூறு ரூபாய் உண்மையாகவே உங்கள் அக்கவுண்டுக்கு வரும், அது நம்ப வைப்பதற்கு. அப்புறம் 'ப்ரீபெய்ட் டாஸ்க்' என்று உங்கள் பணத்தைப் போடச் சொல்வார்கள், போட்டது திரும்பாது. உங்கள் பேங்க் அக்கவுண்டைக் கொடுத்தால் கமிஷன் தருகிறோம் என்று கேட்பவர்கள் அதைவிட ஆபத்து, திருட்டுப் பணம் உங்கள் கணக்கு வழியாகப் போனால் போலீஸ் உங்களைத்தான் தேடி வரும். தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி, நல்ல சம்பளம், டிக்கெட் இலவசம் என்று அழைத்துப்போய் மியான்மரிலும் கம்போடியாவிலும் மோசடிக் கூடங்களில் அடைத்துவைத்த கொடுமையில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் சிக்கியிருக்கிறார்கள். வெளிநாட்டு வேலை என்றால் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் அந்த ஏஜென்ட் பதிவானவரா என்று பார்க்காமல் பாஸ்போர்ட்டை யாரிடமும் கொடுக்காதீர்கள்.

பெங்களூரில் இன்னொரு வகை உண்டு. பணம் வாங்கிக்கொண்டு பின்வாசல் வழியாக வேலை வாங்கித் தருவதை 'பேக்டோர் ஜாப்' என்பார்கள், அல்லது இரண்டு வருட எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட் நாங்களே போட்டுத் தருகிறோம் என்பார்கள், இன்ஸ்டாகிராமில் '100 சதவீதம் பிளேஸ்மெண்ட்' என்று விளம்பரம் வரும். பக்கத்து அறை நண்பன் அப்படிப் போய்ச் சேர்ந்து நல்ல சம்பளம் வாங்குவதைப் பார்த்தால் சபலம் வரத்தான் செய்யும், எனக்குப் புரிகிறது. ஆனால் கம்பெனிகள் பேக்கிரவுண்ட் வெரிஃபிகேஷன் செய்யும்போது பிஎஃப் கணக்கின் யுஏஎன் (பிஎஃப் உறுப்பினர் எண்) விவரத்தையும் பார்க்கின்றன, வேலை செய்ததாகச் சொன்ன வருடங்களுக்கு அங்கே ஒரு பதிவும் இருக்காது. சேர்ந்து ஆறு மாதம் கழித்துக் கூட வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள், சில கம்பெனிகளில் அதன் பிறகு விண்ணப்பிக்கவே முடியாது. கட்டிய பணமும் போகும், பெயரும் கெடும்.

தெரியாத கம்பெனியில் இருந்து அழைப்பு வந்தால், கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் அது பதிவாகியிருக்கிறதா என்று பெயரைப் போட்டுப் பார்க்கலாம். பிஎஃப் அமைப்பின் தளத்திலும் நிறுவனத்தைத் தேடும் வசதி இருக்கிறது. பதிவு இருப்பது மட்டும் போதாது, நிஜக் கம்பெனியின் பெயரை வேறு யாரோ பயன்படுத்தலாம். அந்தக் கம்பெனியின் இணையதளத்தில் இருக்கும் நம்பருக்கு நீங்களே போன் செய்து கேளுங்கள். ஒரிஜினல் சர்டிபிகேட்டை எங்கேயும் விட்டுவிட்டு வராதீர்கள், காட்டிவிட்டுத் திரும்ப வாங்குங்கள். ஆதார் நகல் கொடுக்க வேண்டி வந்தால் மறைத்த எண் உள்ள மாஸ்க்டு ஆதாரைக் கொடுங்கள். ஓடிபி யாருக்கும் கிடையாது.

பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு வீட்டில் மறைக்க வேண்டாம், உடனே 1930 என்கிற எண்ணுக்கு அழைத்துவிட்டு தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதிவு செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்கு அந்தப் பணம் அடுத்த கணக்குக்குப் போகாமல் முடக்க வாய்ப்பு இருக்கிறது. சாட் ஸ்க்ரீன்ஷாட், பரிவர்த்தனை எண் எதையும் அழித்துவிடாதீர்கள்.

அழைப்பு வந்த பிறகு

ஹெச்ஆர் தெரியாத நம்பரிலிருந்துதான் அழைப்பார், பகல் நேரத்தில் எடுங்கள். பிஜி ஹாலில் டிவி சத்தத்துக்கு நடுவே பேச வேண்டி வந்தால், "ஐந்து நிமிடத்தில் நானே கூப்பிடட்டுமா?" என்று கேட்டு மொட்டை மாடிக்குப் போய்ப் பேசுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். கம்பெனிப் பெயர், வேலை, இடம், எத்தனை ரவுண்டு, பாண்ட் (இத்தனை காலம் வேலையை விடக்கூடாது என்கிற ஒப்பந்தம்) உண்டா என்று கேட்டு எழுதிக்கொண்டு, மெயிலிலும் அனுப்பச் சொல்லுங்கள்.

இடத்தை மேப்பில் போட்டுப் பார்க்காமல் நேரம் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒயிட்ஃபீல்டு பக்கம் என்றால் பர்ப்பிள் லைன் மெட்ரோ இருக்கிறது, பொம்மசந்திரா வரைக்கும் யெல்லோ லைன் வந்துவிட்டது. சில்க் போர்டு, பெல்லந்தூர் வழியாகக் காலை ஒன்பது மணிக்குப் பஸ்ஸில் போக வேண்டும் என்றால், மேப் காட்டும் நேரத்துக்கு மேல் ஒரு மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்டர்வியூ முடிந்த அன்றைக்கே ரெஃபர் செய்த அக்காவுக்கு ஒரு மெசேஜ் அனுப்புங்கள்: என்ன கேட்டார்கள், எதில் தடுமாறினீர்கள், அடுத்த ரவுண்டு எப்போது என்று சொன்னார்கள். தேர்வாகவில்லை என்றாலும் அதையும் சொல்லிவிடுங்கள். பெரும்பாலோர் தேர்வாகாவிட்டால் பேசாமல் இருந்துவிடுகிறார்கள், ரெஃபர் செய்தவருக்கு ஒன்றும் தெரியாமலே போய்விடுகிறது. சொல்லிவைத்திருந்தால், பக்கத்து டீமில் அடுத்த ஃப்ரெஷர் இடம் வரும்போது ஜாப் ஐடியை அவரே உங்களுக்கு அனுப்பிவைக்கக்கூடும்.